கலா வேண்டாம் என்ற சர்க்கரை

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் ஆரம்பித்தால் நீ "சரி விடும்மா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் போன வருஷத்துச் சண்டையை எல்லாம் இழுத்துப் போட்டுப் பேசுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் மருந்துப் பானையின் மூடிமேல் வைக்கப் போகிறேன். பிரிட்ஜ் வாங்கிய பிறகும், கரண்டை நம்ப முடியாது என்று ஈர மணல் போட்ட அந்தப் பானையில்தானே மருந்து பாட்டிலை வைத்திருக்கிறாய்? காலையில் ஊசி போட வேண்டுமென்றால் இந்தக் காகிதத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததும் படி. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

நேற்று நீ ஆபீஸில் இருந்தபோது கலாவும் அவள் அம்மாவும் கூறைப்புடவையைக் காட்ட வந்திருந்தார்கள். அரக்குச் சிவப்பு, நல்ல புடவை. காபி கலந்தேன். "எனக்குச் சக்கரை வேணாம் அத்தை" என்றாள் கலா. இந்தக் காலத்துப் பெண்கள் இளைக்க வேண்டும் என்று என்னென்னமோ செய்கிறார்களே, அப்படி ஏதோ என்று நினைத்துக்கொண்டு, "உனக்கென்னடி உடம்பு, கொஞ்சம் போட்டுக்க" என்றேன். அவள் சிரித்தாள். "அதுக்கில்ல அத்தை. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு கேசரிய தள்ளி வச்சுட்டு, எம் மவனுக்கு இனிப்பே புடிக்காதுன்னு சொன்னீங்கள்ல? அதுலேர்ந்து நானும் விட்டுட்டேன். இப்பவே பழகிக்கிட்டா, பிரான்சுக்குப் போயி வீட்டுல சக்கரையே வாங்க வேணாம் பாருங்க." அவள் அம்மாவுக்கு ஒரே பெருமை. "ரெண்டு மாசமா சொட்டு இனிப்பு தொடலீங்க, சம்பந்தி" என்றார். சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பிரியம் பார், தம்பி. உனக்குப் பிடிக்காது என்று ஒரு வார்த்தை கேட்டதற்கு, பிறந்ததிலிருந்து குடித்த காபியை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தை பொய். பொய் சொன்னவள் நான். விழிதியூரில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நீ என்னைப் பார்த்து முழித்ததும், பாயில் யாரும் பார்க்காமல் நான் உன் காலை அழுத்தியதும் உனக்கு நினைவிருக்கும். "கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்று பஸ்ஸில் உன் வாயை அடைத்தேன். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, கண்ணை மூடும்வரை பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் உனக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறது. அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு இந்த ஊரில் பெண் கொடுக்க க்யூ நிற்கிறார்கள் என்று நானும் மிதப்பில் இருந்தேன். ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் அந்த க்யூ கலைந்துவிடுமே என்ற பயம். அடுத்த மாதம் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போகப்போகிறீர்கள். முன்பின் தெரியாத ஊர், பாஷை தெரியாத பெண். அந்த வீட்டில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இருக்காது. உனக்குத் தலை கிறுகிறுக்கும் நாளில் அவள் என்ன செய்வாள்? இதை நினைத்து நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு முதலில் வியாதி வந்தது எனக்கு எறும்பு மூலமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். நீ சிறுநீர் கழிக்கும் இடத்தில் எறும்பு வரிசை கட்டியது. நான் என்ன செய்தேன்? வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டு அங்கே போய்க் கை கழுவுகிறாய் என்று முதுகில் இரண்டு வைத்தேன். நீ குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாய், ராத்திரி பாயை நனைத்தாய், இரண்டு ஆள் சோறு தின்றும் கழுத்தெலும்பு தெரிய இளைத்தாய். அதற்கும் திட்டினேன். என் கை எப்போதும் என் புத்திக்கு முன்னால் ஓடும், அது உனக்குத் தெரிந்ததுதான். கடைசியில் உன் அப்பாதான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே இருந்த வயசான டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, உங்களுக்கு எந்த ஊரு?" வரிச்சிக்குடி என்றேன். "வயல் இருக்கா?" "அப்பாவுக்கு இருக்குங்க." "வாய்க்கால்ல தண்ணி கரை தட்டிப் போவுது. ஆனா மதகு அடைச்சுக் கெடக்கு. வயலு என்னாவும்?" "காஞ்சி போவுங்க" என்றேன். "ஒங்க புள்ள ஒடம்புக்குள்ள அதான் நடக்குது" என்றார். நாம் தின்கிற சோறு, இட்லி, வாழைப்பழம் எல்லாமே வயிற்றில் அரைபட்டுச் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் சேர்கிறதாம். கை ஓங்கவும் கால் ஓடவும் அந்தச் சர்க்கரையை உடம்பு எரித்துக்கொள்கிறதாம். ஆனால் ரத்தத்தில் போகிற சர்க்கரை தசைக்குள் இறங்க வேண்டுமானால், வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறதே, அது சுரக்கிற இன்சுலின் போய் மதகைத் திறந்துவிட வேண்டுமாம். உனக்கு அந்தச் சுரப்பு நின்றுவிட்டது. அதனால் வாய்க்காலில் சர்க்கரை கரை புரண்டு ஓடி, மிஞ்சியது சிறுநீரில் போகிறது. வயலோ பட்டினி கிடக்கிறது. மூன்று வேளையும் தின்கிற பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்று அவர் சொன்னபோது, உன் முதுகில் வைத்த அந்த இரண்டு அடியும் எனக்குத் திரும்பி விழுந்தது.

ஊசி போட நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்கள். சாத்துக்குடியில் தண்ணீரை ஏற்றி ஏற்றிப் பழகினேன். ஒரு வாரத்தில் வீட்டில் இருந்த அத்தனை பழமும் பொதபொதவென்று ஆகிவிட்டது. முதல் நாள் உன் தொடையில் குத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணத் தொறந்துகிட்டு குத்தும்மா" என்று நீதான் எனக்குத் தைரியம் சொன்னாய். பிறகு தினமும் அந்த நீல மருந்துச் சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் உன் சிறுநீர் எட்டுச் சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்துப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் எனக்கு உயிரே போய்விடும். நீலம் வந்த நாளில் சாமிக்குக் கற்பூரம், உனக்கு முத்தம். செங்கல் வந்த நாளில் வீடே இழவு வீடு மாதிரி இருக்கும். "என்னத்தத் தின்ன? யார் குடுத்தா? உண்மையச் சொல்லு" என்று பத்து வயதுப் பிள்ளையைப் போலீஸ்காரன் மாதிரி விசாரிப்பேன். நீ எதையும் தின்றிருக்க மாட்டாய். காய்ச்சல் வந்தாலும் சர்க்கரை ஏறும், பரீட்சை பயத்திலும் ஏறும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாசி மாதம் தொடர்ந்து பத்து நாள் நீலம். நான் பூரித்துப் போய்த் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நீ மட்டும் வாடிக்கொண்டே போனாய். பதினோராம் நாள் வாந்தி, மூச்சு வாங்கியது, உன் வாயிலிருந்து அழுகிய பழ வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உள்ளே இறங்காத சர்க்கரையை நம்பிப் பயனில்லை என்று உடம்பு தன் கொழுப்பையே எரிக்க ஆரம்பித்துவிட்டதாம். அந்த வாடைதான் அது என்றார். "நீலமாத்தானே இருந்துச்சுங்க!" என்று நான் கத்தினேன். அப்போதுதான் உன் தங்கச்சி மல்லிகா, ஐந்து வயதுக் கழுதை, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "அது என்னோடதும்மா. அண்ணன் தேன்முட்டாய் தர்றேன்னு சொல்லிச்சு." உன் வியாதி தெரியாமல் உறவுக்காரர்கள் கொடுத்த தேன்மிட்டாயை நீ நாக்கில்கூட வைக்காமல் அவளுக்கு லஞ்சம் கொடுத்து, அவளுடைய சிறுநீரைக் குழாயில் ஊற்றியிருக்கிறாய். அந்த நீலத்தை நம்பி நானும் ஊசி மருந்தைக் கூட்டாமலே இருந்திருக்கிறேன். இப்போது மல்லிகாவைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. மூன்று நாள் கழித்து நீ கண் திறந்ததும் ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீலம் வந்தாதானே நீ சிரிக்கிற" என்றாய். மறைக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான், தம்பி. அதை அன்றே உணர்ந்திருந்தால் கேசரித் தட்டை அப்படித் தள்ளி வைத்திருக்க மாட்டேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டு எடுக்கிறேன்.

உனக்குப் பதினேழு வயது, காலேஜில் சேர்ந்த வருஷம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் ஊரில் அது இல்லை. அங்கேயிருந்து பஸ் பிடித்து நம் ஊருக்கு வந்து குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் உருண்டு கிடப்பவர்களைத் தினம் பார்க்கிற ஊர் நம் ஊர். நம் வீட்டிலும் அது புதிதில்லை. உன் அப்பா தங்கமான மனுஷர்தான், ஆனால் பென்ஷன் வந்த வாரம் அவர் எப்படி வீடு திரும்புவார் என்பது உனக்கும் தெரியும். கடவுளே, என் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் வந்துவிடக்கூடாது என்று வேண்டாத நாளில்லை. அன்றைக்கு நீ காலையில் ஊசி போட்டுக்கொண்டு போனவன், மத்தியானம் சாப்பிடாமல் கால்பந்து ஆடியிருக்கிறாய். உன் அப்பாவின் சிநேகிதர்கள் பிரான்சிலிருந்து கொண்டுவரும் கட்டிச் சர்க்கரையை ஒரு பொட்டலம் எப்போதும் உன் சட்டைப் பையில் போட்டு வைப்பேனே, அந்தச் சட்டையை மைதானத்தில் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு கிளம்பிவிட்டாய்.

நாலு மணி இருக்கும். யாரோ ஒரு ஆள் உன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். "அம்மா, ஒங்க மவந்தானே? நல்லா ஏத்திக்கிட்டு ரோட்டுல தள்ளாடிக்கிட்டு வந்தாப்ல" என்றான். உனக்குக் கால் நிலைகொள்ளவில்லை, பேச்சு குழறியது, கண் எங்கேயோ பார்த்தது. குப்பென்று சாராய வாடை அடித்தது. அது உன்னைப் பிடித்திருந்தவனுடைய வாடை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. "வாடா உள்ள" என்று கையைப் பிடித்தேன். நீ என் கையை உதறிவிட்டு, நீ ஒருநாளும் பேசாத ஒரு வார்த்தையைச் சொன்னாய். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். ஒரு தடவை இல்லை. "ஒங்கப்பன் புத்தி வந்துருச்சுல்ல? குடிகாரப் பயலுக்கு இந்த வீட்டுல எடமில்ல, போடா" என்று உன்னை வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

டாக்டர் எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். "ஊசி போட்டாச்சுன்னா மதகு தொறந்து கெடக்கும்மா. நேரத்துக்குச் சாப்பிடலன்னா, இல்ல ஓடியாடிட்டான்னா, வாய்க்கால் வறண்டு போவும். ஈரலு கொஞ்சம் சேத்து வச்சிருக்கும், அத எடுத்து உடும். ஆனா மூளைக்குச் சேமிப்பே கெடையாது. அப்பப்ப வர்ற சர்க்கரையிலதான் அது ஓடுது. அது நின்னா வேர்த்துக் கொட்டும், ஒளறுவான், திட்டுவான், தள்ளாடுவான், குடிச்சவன் மாதிரியே இருப்பான். பாத்தவொடனே சர்க்கரையப் போடுங்க." குடிச்சவன் மாதிரியே இருப்பான் என்ற அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு தலையாட்டியவள் நான். ஊர் உலகத்தில் யார் தப்பாக நினைத்தாலும் நான் நினைத்திருக்கக்கூடாது. ஆனால் பயம் என் கண்ணைக் கட்டிவிட்டது. வருஷக்கணக்காக எதற்குப் பயந்தேனோ, அதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். நீ கதவைக் கொஞ்ச நேரம் கையால் தட்டினாய். பிறகு சத்தம் நின்றது. வெறி தெளிந்து தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கூல் விட்டு மல்லிகா வந்தாள். வாசலில் அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "அம்மா, கதவத் தொற! அண்ணன் குடிக்கல. பனியன் நனைஞ்சு கெடக்கு, கையி ஜில்லுன்னு இருக்கு!" திறந்தேன். நீ வாசற்படியில் ஒருக்களித்துக் கிடந்தாய், கண் மேலே செருகியிருந்தது. அவள் என்னைத் தாண்டி அடுப்படிக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தாள். உன்னால் மெல்ல முடியவில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டுச் சர்க்கரையை எடுத்து உன் கன்னத்துக்குள், ஈறில், தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன் நாக்கு அசைந்தது. சப்ப ஆரம்பித்தாய். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏம்மா அழுவுறே? பசிக்குது" என்றாய்.

உனக்கு அந்த ஒரு மணி நேரம் நினைவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாதபோது நடந்தது எதுவும் தங்காது என்று டாக்டர் சொன்னார். என் கை விரல் உன் கன்னத்தில் பதிந்திருந்ததைக்கூட, விழுந்ததில் பட்ட அடி என்று நினைத்துக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. மல்லிகாவையும் சத்தியம் வாங்கி அடக்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை, போன வாரம் உன் ஆபீஸ் சிநேகிதர்களிடம்கூட, "எங்கம்மா மட்டும் அன்னைக்குச் சக்கரை போடலன்னா நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். மல்லிகா தலையைக் குனிந்துகொள்வாள். உன்னைக் காப்பாற்றியவள் அவள், தம்பி. உன்னை வெளியே தள்ளித் தாழ் போட்டவள் நான். எட்டு வருஷமாக இதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

இதை ஏன் இப்போது கொட்டுகிறேன் என்றால், பெற்று, ஊசி போட்டு, எட்டுச் சொட்டு எண்ணி வளர்த்தவளுக்கே அன்று கண் தெரியவில்லை. ஒன்றுமே தெரியாத கலா என்ன செய்வாள்? ஒரு நாள் நீ வேலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து, அவள் கையை உதறி, வாயில் வந்ததைப் பேசினால், பட்டாளத்துக்காரர் மகன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பாள். இன்னொரு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுவாள். அதில் அவள் தப்பு ஒன்றும் இருக்காது. அங்கே ஓடி வருவதற்கு மல்லிகாவும் இல்லை, வீட்டில் சர்க்கரை டப்பாவும் இருக்காது. அந்த டப்பாவைக் காலி பண்ணியது என் பொய்.

நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் கிளம்பினேன். புடவையைக்கூட மாற்றிவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் சொன்னால், மாமியார் வந்து புகார் சொன்ன மாதிரி ஆகிவிடும். நீ சொன்னால்தான், தன்னை நம்பிச் சொன்னான் என்று அவளுக்குத் தோன்றும். ஊசியை எப்படிப் போடுவது, மதகு என்றால் என்ன, உன் முகம் எப்படி மாறினால் எதை வாயில் வைக்க வேண்டும் என்று நீயே அவள் கையைப் பிடித்துச் சொல். கேட்டுவிட்டு அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் சொல்லட்டும். பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஊர் நாலு நாள் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். கல்யாணமாகாத பிள்ளையாக நீ என் கண் முன்னால் இருந்தாலும் எனக்குப் போதும். அவள் சரி என்று சொன்னால், முகூர்த்தம்வரை மாப்பிள்ளை சாப்பிடக்கூடாது என்று யாராவது வாயைத் திறக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பட்டுச் சட்டைக்கும் உள்பக்கம் பை தைத்துவிட்டேன். நாலு கட்டிச் சர்க்கரை அடங்கும். அந்தப் பை எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வியாதியைச் சொல்வது உன் வேலை. கேசரிப் பொய்யைச் சொல்வது என் வேலை. காலையிலேயே நாம் இரண்டு பேரும் விழிதியூர் போவோம், அதை நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் பேசாமலே வா, பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். கன்னத்தில் விழுந்த அடிக்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்றால் திரும்பி வந்து கேள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கேள். நீ கேட்காமல் இருப்பதைவிட அது மேல்.

விழிதியூர் பஸ் ஏழரைக்கு. நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி போட்டதும் சாப்பிட்டுவிட்டு வா. இட்லி தட்டில் மூடி இருக்கிறது.

அம்மா